கைகளுக்கும் இளமை ஊசி

முகச் சுருக்கத்தைப் போக்கிக் கொண்டவர்களின் வயதையும் புறங்கைகள் காட்டிக் கொடுத்து விடுகின்றன. தலைநகரின் சரும சிகிச்சை மையங்களில் இப்போது அதற்கும் ஊசி உண்டு.

புறங்கையின் தோல் மெல்லியது. அதனடியில் உள்ள சிறிதளவு கொழுப்பும் வயது ஏற ஏறக் கரைவதால் ரத்தக் குழாய்களும் தசைநாண்களும் புடைத்துத் தெரிகின்றன. அந்த இடத்தைக் கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் கலந்த கூழால் நிரப்புகின்றனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-ல் இதற்கு அனுமதி அளித்தது. பலன் நிரந்தரமல்ல. மீண்டும் மீண்டும் ஊசி, மீண்டும் மீண்டும் செலவு. ஊசி ரத்தக் குழாய்க்குள் தவறிப் பாய்ந்தால் திசுக்கள் அழுகிப் போகவும் கூடும்.

2017-ல் வந்த சரக்கு, சேவை வரியில், பிறவிக் குறைபாடோ வளர்ச்சிக் குறைபாடோ காயமோ காரணமாக இல்லாத அழகு சிகிச்சைகளுக்கு மருத்துவச் சேவைக்கான விலக்கு இல்லை. வரி வாங்கும்போது இது மருத்துவமல்ல என்று கூறும் அரசு, ஊசி போடுபவர் மருத்துவர்தானா என்பதிலும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டாமா? மருத்துவரின் பெயர், பதிவு எண், செலுத்தப்படும் மருந்தின் தொகுப்பு எண் ஆகியவற்றை எழுத்து மூலம் தருவதைக் கட்டாயமாக்குவதே முறை.

கைகளில் தோன்றும் கரும்புள்ளிகளுக்குப் பெரும்பாலும் வெயிலே காரணம். முகத்திற்குத் தவறாமல் களிம்பு பூசுவோர் கைகளை மறந்து விடுகின்றனர்.