விழுந்த கையை உருவ விடாதீர்கள்!



பால்மரம் வெட்டும்போது கத்தி பட்டையோடு சுற்றி வருகிறதே, அப்போது உங்கள் மணிக்கட்டு எப்படி வளைந்து கொடுக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

முழங்கை கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், அவ்வளவுதான். மணிக்கட்டுக்குள்ளே வேறு சங்கதி. 8 சின்ன எலும்புகள், வரிசைக்கு 4 வீதம் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அவை தொட்டுக்கொள்ளும் முகங்கள் ஏறக்குறைய தட்டை. அதனால் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமே கொஞ்சம் வழுக்கி நகரும். இதைத்தான் வழுக்கு மூட்டு என்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் அற்ப அசைவு. எட்டும் சேர்ந்து நகர்ந்தால்தான் கத்தி நீங்க நினைத்த இடத்தில் திரும்பும். வழுக்குவதற்கு வழவழப்பான குருத்தெலும்பும், எண்ணெய் போல ஒரு நீரும் உள்ளே உண்டு. பாதத்திலும் முதுகெலும்பிலும்கூட இதே மூட்டுகள் இருக்கின்றன. அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

மழை பெய்த மறுநாள் சறுக்கி விழுகிறவர் கையை ஊன்றித்தான் விழுவார். "சுளுக்குதான், தைலம் போட்டு உருவினா சரியாயிடும்" என்பார்கள். உருவுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராகவும் இருக்கட்டும், புது அடியை உருவவே கூடாது என்பது என் கட்சி. கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் ஓர் எலும்பு இருக்கிறது. அந்த எட்டில் அதிகம் முறிவது அதுதான். அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே வருகிறது. நடுவே முறிந்தால் மறுபாதிக்கு இரத்தம் குறைந்து, எலும்பு ஒட்டாமலே போகலாம். அப்புறம் வழுக்க வேண்டிய முகங்கள் உரசித் தேய்ந்து, கத்தி பிடிக்கவே கை நடுங்கும்.

கட்டைவிரலை விரித்துத் தூக்குங்க. அடியில் ஒரு குழி தெரியும். விழுந்த பிறகு அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வீக்கம் இல்லையே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போங்க. முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமலும் போகும். 10, 14 நாளில் மறுபடி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீங்க.

வேலையில் விழுந்தால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்க. தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. "ரெண்டு நாள் பார்ப்போமே" என்று யாராவது இழுத்தால் சங்கக் கிளைக்கு வாங்க. டாக்டர் கொடுத்த சீட்டை ரொட்டி டின்னுக்குள் போட்டு வைத்தாலும் சரி, தொலைத்துவிடாதீங்க.