கடலடி நகரத்துக்கு ஒரு கதை

சமுத்திரத்தின் அடியில் ஒரு நகரத்தைச் சிருஷ்டித்து விஞ்ஞானக் கதை எழுத முற்படுகிறவர்களில் பலர், கண்ணாடிக் கோபுரங்களையும் பவள மண்டபங்களையும் முதலில் எழுப்பிவிட்டு, அவற்றினுள் உலவுவதற்கு மனிதர்களைப் பின்னர் தேடுகிறார்கள். அந்நகரத்து ஜனங்கள் சுவாசிக்கும் காற்று எத்தகையது என்ற வினாவிலிருந்துதான் கதை பிறக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர், கலிபோர்னியாவில் லா ஹோயா கரைக்கு அப்பால் 62 மீட்டர் ஆழத்தில், 'சீலாப் 2' என்ற எஃகு வீட்டை இறக்கினார்கள். அதன் அடித்தளத்துத் திறந்த வாசல் வழியே கடல் உள்ளே புகாதிருக்க, பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் ஏறும் நீரின் அழுத்தத்துக்கு ஈடாக, உள்ளிருந்த காற்றையும் ஏழு மடங்கு அழுத்தத்தில் வைக்க வேண்டியிருந்தது. அவ்வழுத்தத்தில் நைட்ரஜன் மதியை மயக்கும், பிராணவாயுவும் மிகுந்தால் விஷமாகும் என்பதால், பெரும்பகுதி ஹீலியமும், நூற்றுக்கு நாலு பங்கு அளவே பிராணவாயுவும் கலந்த காற்றையே அங்கிருந்தோர் சுவாசித்தார்கள். ஹீலியம் தேகத்தின் உஷ்ணத்தை விரைவில் கவர்ந்துவிடும். குரலைக் கீச்சென்று மாற்றிவிடும். அக்காற்றில் தீக்குச்சியும் பற்றாது. அடுப்பு மூட்டவும் அகல் ஏற்றவும் இயலாத வீட்டில் பிறந்து வளரும் குழந்தைக்கு, நெருப்பு என்பது பாட்டி சொல்லக் கேட்கும் அதிசயமாகவே இருக்கும் அல்லவா?

அவ்வீட்டில் 30 நாட்கள் வசித்தவர் ஸ்காட் கார்ப்பென்டர். 1962-இல் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு, விண்ணிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழிறங்கிய அவரே, ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த வாயு குமிழிகளாகி உயிரைக் குடித்துவிடாதபடி, இந்த 62 மீட்டரிலிருந்து மீள்வதற்கு ஒரு நாளுக்கு மேல் அழுத்த அறையில் காத்திருக்க நேர்ந்தது. கரையில் தாய் மரணப் படுக்கையில் இருக்கிறாள் என்ற செய்தி நம் கதையின் கடலடி நகரத்தில் வாழும் மகளுக்கு எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடு தூரத்தில் தாய். நடுவிலோ எந்த அதிகாரியின் தயவாலும் குறைக்க முடியாத காலம். தொலைபேசியில் பேசினாலோ, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத குரல்!

சுவரைக் கனமாகக் கட்டி, மேலுலகக் காற்றையே உள்ளே அடைத்தால் இத்துயரம் இல்லை. ஆனால் வாசலைத் தாண்டிக் கடலில் இறங்கித் திரியும் சுதந்திரமும் இல்லை. இவ்விரண்டில் எதை ஒரு சமூகம் தேர்ந்துகொள்கிறது என்பதிலேயே அதன் சட்டமும் குடும்பமும் கலகமும் அடங்கிக் கிடக்கின்றன. ஆகையால் இளம் எழுத்தாளர்கள் பௌதிக நியமங்களைக் கற்பனைக்கு விலங்கென்று அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைச் சிரத்தையோடு பயின்றவனுக்கே, மனித இதயத்தைச் சோதிக்கும் கதை கடலடியில் கிட்டும்.