சேமிப்புக் கணக்கில் சேமிக்க வழி கோரி இளையரசனேந்தல் குறுவட்ட மகளிர் அளிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர், தூத்துக்குடி மாவட்டம்.

அனுப்புநர்: இளையரசனேந்தல் குறுவட்ட மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு.



மானாவாரிக் கரிசல் காடுகளிலும் தீப்பெட்டித் தொழிலிலும் அரசின் ஊரக வேலைத் திட்டத்திலும் கூலி பெறும் இக்குறுவட்டப் பெண்களில் பலருக்கு, 28.8.2014 அன்று தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தாலும், 15.9.2023 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாலும் வங்கிக் கணக்கு வாய்த்துள்ளது. ஆயினும் அக்கணக்குகளில் அரசுப் பணம் வருகிறது, வந்தவுடன் எடுக்கப்படுகிறது. கூலியில் பிடிக்கும் மிச்சமோ தீபாவளிச் சீட்டுக்கே போகிறது.

வாரந்தோறும் சிறுதொகை கட்டிப் பண்டிகைக்கு முன் பாத்திரமோ பலகாரச் சாமானோ ரொக்கமோ பெறும் இச்சீட்டுகள் பெரும்பாலும் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெறாதவை. நடத்துபவர் தலைமறைவானால் முதலும் மிஞ்சாது; வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடும் இங்கு இல்லை. இந்த ஆபத்தை அறிந்தே பெண்கள் சீட்டுக் கட்டுகின்றனர். ஏனெனில் சீட்டுக்காரர் வேலை முடிந்த பொழுதில் வாசலுக்கு வருகிறார், ஐம்பது ரூபாயையும் முகம் சுளிக்காமல் வாங்குகிறார். இடையில் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடே அப்பணத்தைக் குடும்பத்தாரின் கைமாற்றிலிருந்து காக்கிறது. வங்கிக்குச் செல்வதோ அரைநாள் கூலியை இழப்பதாகும். ஆதலால் விழிப்புணர்வு முகாம்களால் மட்டும் இந்நிலை மாறாது என்பது கூட்டமைப்பின் கருத்து.

கிளைக்கு வெளியே வங்கியின் சார்பில் பணம் பெறவும் வழங்கவும் ரிசர்வ் வங்கி 2006 முதல் அனுமதித்துள்ள வணிகத் தொடர்பாளர், ஒவ்வோர் ஊராட்சிக்கும் வாரத்தில் குறித்த நாளில் மாலை வேளையில் வந்து, அச்சிட்ட ரசீதுடன் சிறுதொகைகளைப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பணிக்குக் குழு உறுப்பினர்களையே அமர்த்துதல் நலம். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயே போதும் என்றாலும், தவணை தவறினால் அபராதம் உண்டு. உளுந்தும் பாசியும் வீடு சேரும் தை மாதத்தில் கூடுதலாகவும், மழை பொய்த்த மாதங்களில் ஒன்றுமில்லாமலும் கட்டுவதற்கு இடமளித்து, உறுப்பினரே குறிக்கும் நாள்வரை எடுக்க இயலாத வைப்பு ஒன்றை வங்கிகள் வகுக்க வேண்டும்.

முதல் உரிமைத் தொகையிலேயே குறைந்தபட்ச இருப்பைக் காரணம் காட்டிச் சில வங்கிகள் பிடித்தம் செய்ததும், அரசு எச்சரிக்க நேர்ந்ததும் மறக்கப்படவில்லை. எனவே, இருப்புக் கட்டாயம் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இப்பெண்களின் சாதாரணக் கணக்குகளை மாற்றித் தர வேண்டும்.

ஈராண்டு வரவு செலவின்றி முடங்கிய கணக்குகளுக்கும், பத்தாண்டு கடந்து அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டிய கணக்குகளுக்கும் ஊராட்சி அலுவலகத்திலேயே முகாம் நடத்த வேண்டும்.

சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து கோவில்பட்டி வட்டத்திற்கு இக்குறுவட்டத்தின் வருவாய் நிர்வாகம் மாறியபோதும், ஊராட்சிகள் இன்றைய தென்காசி மாவட்டத்தின் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றதால், எந்த மாவட்டத்தில் முறையிடுவது என்ற அலைச்சல் எங்களுக்கு நேர்ந்துள்ளது. இரு மாவட்டங்களின் முன்னோடி வங்கி மேலாளர்களும் மகளிர் திட்ட அலுவலர்களும் ஒருங்கே அமர்ந்து, மேற்கண்ட பணிகளுக்குப் பொறுப்பாளர் ஒருவரை எழுத்து மூலம் அறிவிக்குமாறு கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர், தென்காசி மாவட்டம்.