நாற்காலியில் ஒரு அம்மா

மிஸ்டர் பீன் தும்மிவிட்டு, துடைக்கிறேன் பேர்வழி என்று நாசமாக்குவாரே ஒரு ஓவியம், ஞாபகம் இருக்கா? 1997-ல் வந்த படம். கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்மணி. உலகம் அதை 'விஸ்லரின் அம்மா' என்கிறது. 1871-ல் லண்டனில் அதை வரைந்த மகன் ஜேம்ஸ் விஸ்லர் வைத்த தலைப்போ 'சாம்பலும் கறுப்பும்: ஓர் அமைப்பு, எண் 1'. பெற்ற தாய்க்கு சாஃப்ட்வேர் வெர்ஷன் மாதிரி ஒரு பெயர்!

அந்த அம்மா பெயர் அன்னா. 1804-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். கணவர் ரயில்வே இன்ஜினியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை போட ரஷ்ய அரசு அவரைக் கூப்பிட்டது. நம்ம பாஷையில் ஆன்சைட். 1843-ல் அன்னாவும் பிள்ளைகளோடு கிளம்பினார். போகிற வழியில் கப்பலிலேயே ஒரு மகன் இறந்துபோனான். 1849-ல் காலரா கணவரைக் கொண்டுபோனது. பெற்ற ஐந்து மகன்களில் மிஞ்சிய இருவரோடு அமெரிக்கா திரும்பினார்.

அப்புறம் உள்நாட்டுப் போர். இளையவன் வில்லியம் தென்மாநிலப் படையில் டாக்டர். துறைமுகங்களை வடக்குக் கடற்படை முற்றுகையிட்டிருந்த 1863-ல், அறுபதை நெருங்கும் வயதில், அந்தக் காவலுக்குத் தப்பி ஓடும் கப்பலில் ஏறி மூத்தவனிடம் லண்டன் போனார்.

அங்கே மூத்தவன் காதலி ஜோவுடன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். அம்மா வருகிறார் என்றதும் அவசர அவசரமாக ஜோவுக்கு வேறு இடம் பார்த்து, வீட்டை மேலிருந்து கீழ்வரை சுத்தம் பண்ணியிருக்கிறான். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவனே புலம்பியிருக்கிறான். படித்துவிட்டு நெளிகிற வாசகர்கள் இருப்பீங்க, பெயர் சொல்லமாட்டேன்.

ஓவியத்துக்கு வரவேண்டிய மாடல் வரவில்லை, அதனால்தான் அம்மா. முதலில் நிற்கவைத்துத்தான் ஆரம்பித்தார். நாள்கணக்கில் நிற்க அவரால் முடியவில்லை, நாற்காலி வந்தது. படத்தில் இருப்பது யார் என்பது பார்ப்பவர்களுக்கு எதற்கு, நிறங்களைப் பாருங்கள் என்பது விஸ்லர் கட்சி. கலை தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ளலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ரஷ்யாவும் கப்பலும் போன பிள்ளைகளும் அந்த சாம்பல் சுவரில் எங்கே? ஆறு மாத விசாவில் வந்து நம் சோபாவில் உட்காரும் அம்மாக்களை நாம் எடுக்கிற போட்டோக்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

1879-ல் விஸ்லர் திவாலானார். ஓவியம் அடகுக்குப் போனது. அன்னா 1881-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து பிரெஞ்சு அரசு அதை வாங்கியது. 1934-ல் அமெரிக்கா அன்னையர் தின அஞ்சல்தலையில் அவரைப் போட்டபோது, படத்தில் இல்லாத ஒரு பூச்சாடியை அவர் காலடியில் சேர்த்துவிட்டார்கள். எண் 1-க்கு அது பேட்ச் போலிருக்கு.