வாழ்வோரே வகுக்க வேண்டும்!

"வீட்டைக் கட்டிப் பார், திருமணத்தை நடத்திப் பார்" என்பது நம் மக்கள் வாயில் வழங்கும் பழமொழி. வீட்டைக் கட்டுகின்றவனும் அதில் வாழப் போகின்றவனும் ஒருவனே என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொண்டு பிறந்த பழமொழி அது. வாயில் எத்திசை நோக்கியது, அடுப்பு எம்மூலையில், மாடு கட்டும் இடம் எது, முதியவர் சாய்ந்திருக்கும் திண்ணை எவ்வளவு அகலம் என்பவற்றையெல்லாம் வீட்டுக்காரனும் அவன் இல்லாளும் கொத்தனாரோடு மனையில் நின்று பேசி முடிவு செய்தனர். இன்றோ ஏழை எளியவர் வீட்டைப் பொறுத்தவரை அப்பழமொழி பொய்த்துவிட்டது. வரைபவர் ஒருவர், ஒப்பந்தம் எடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், திறந்து வைப்பவர் ஒருவர். வாழப் போகின்றவனுக்கு எஞ்சியிருப்பது 'பார்' என்னும் ஒரு சொல்லே!

ஒரு தெருவில் எழும் வீடும், பொதுக்கூடமும், சந்தையும், பூங்காவும் அங்கு வாழும் மக்களைக் கேட்டே வகுக்கப்படல் வேண்டும். அதுவும் வரைபடத்தில் முதற்கோடு விழும் முன்பே கேட்டல் வேண்டும். முடிந்த படத்தை விரித்துக் காட்டித் தலையாட்டச் சொல்வது கேட்பதாகாது, அஃது அறிவிப்பதேயாகும். இதனை வலியுறுத்தவே இக்கட்டுரை.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்தது. நாகை மாவட்டத்தில்தான் உயிரிழப்பு மிகுதி. அரசும் தொண்டு நிறுவனங்களும் விரைந்து வந்து வீடு கட்டித் தந்தன. அவ்வுதவியை நாம் குறைத்துரைக்க மாட்டோம். ஆயினும் கட்டிய முறையைப் பாருங்கள். ஏறத்தாழ 300 முதல் 325 சதுர அடி வரையுள்ள, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கற்காரை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நிலத்தைச் சமன்செய்வதற்கென்று பல ஊர்களில் நிழல்தரு மரங்கள் வெட்டப்பட்டன. அலைக்குத் தப்பி நின்ற பழைய வீடுகளுங்கூடச் சில ஊர்களில் இடிக்கப்பட்டன. மீனவன் வாழ்வில் பாதி வீட்டுக்கு வெளியில் நடப்பது. வலை பழுதுபார்ப்பதும், மீனைப் பிரிப்பதும், கருவாடு உலர்த்துவதும், வெயில் நேரத்தில் கண்ணயர்வதும் மரநிழலிலும் முற்றத்திலும் நடப்பன. அவனுக்கு நான்கு சுவரையும் கூரையையும் கொடுத்துவிட்டு, நிழலைப் பறித்துக்கொண்டோம். இதைச் சொல்ல ஒரு மீனவப் பெண்ணைக் கேட்டிருந்தால் போதும். பொறியியற் பட்டம் தேவையில்லை. குற்றம் கற்காரையில் இல்லை, கேளாமையில் இருந்தது.

தலைநகருக்கு வருவோம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பெற்றது. அவ்வாரியத்தால் 2000-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையின் தென்கோடியில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோடு கண்ணகி நகர் எழுந்தது. அதன்பின் செம்மஞ்சேரி, பின்னர் எட்டு மாடிகளோடு பெரும்பாக்கம். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நகரின் நடுவில் வாழ்ந்த மக்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வீட்டுவேலை செய்த தாய்க்கு வேலையிடம் தொலைவாயிற்று. பிள்ளைக்குப் பள்ளி தொலைவாயிற்று. மூட்டை சுமப்பவனுக்கு அங்காடி தொலைவாயிற்று. தெருவோரத்தில் இட்டலி விற்றுப் பிழைத்த மூதாட்டி எட்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்?

தமிழன்பர்களே, இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். குடியிருப்புக்குக் கண்ணகி என்னும் பெயரைக் கண்டு மகிழ்ந்தவர் நம்மில் எத்தனை பேர்! பெயர் தமிழ்ப்பெயர்தான். ஆனால் மன்னன் அவையில் நின்று தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தவள் கண்ணகி. அவள் பெயர் தாங்கிய நகரில் குடியேற்றப்பட்டவர்க்கு, வழக்கை எடுத்துரைக்க அவை எங்கே இருந்தது? பெயர்ப்பலகையில் மட்டும் தமிழ் வாழ்ந்து, தமிழன் வாய் மூடிக்கிடப்பின் அது தமிழ் வாழ்வாகுமா?

"படிப்பறியா மக்களுக்குக் கட்டடக்கலை என்ன தெரியும்? ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் கருத்துச் சொல்வர், வேலை நடவாது" என்பர் சிலர். நடந்திருக்கிறது என்பதே அதற்கு விடை.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் பைக்கர் என்னும் தொழிலாளர் பகுதியைத் திரும்பக் கட்டும் பணி 1960-களின் இறுதியில் இரால்பு எர்சுகின் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் குழுவினர் அப்பகுதிக்கு உள்ளேயே, முன்பு ஈமச்சடங்குக் கடையாக இருந்த ஓரிடத்தில் அலுவலகம் திறந்தனர். கதவு திறந்தே இருந்தது. மக்கள் வந்து பேசினர். முதலில் 46 வீடுகளைக் கட்டி, குடியேறுவோரோடு கலந்து, அப்பட்டறிவைக் கொண்டு மேலே சென்றனர். இன்று அக்குடியிருப்பு காக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. எனினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. பணி நீண்டுகொண்டே போனதால், பழைய பைக்கரில் வாழ்ந்த ஏறத்தாழ 17,000 பேரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவர்களே அங்கு மீள்குடியேறினர். ஆகவே மக்களைக் கேட்டல் மட்டும் போதாது. கேட்கப்பட்டவர் அவ்விடத்திலேயே வாழவும் வேண்டும்.

அதனைச் செய்து காட்டியது சிலி நாட்டின் இக்கிக்கே நகர். அங்கு நகர் நடுவே முப்பது ஆண்டுகளாகக் குடிசையிட்டு வாழ்ந்த 93 குடும்பங்கட்கு, நிலத்துக்கும் வீட்டுக்குமாக, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 7,500 தாலரே அரசுதவியாகக் கிடைத்தது. ஊருக்கு வெளியே போனால் முழு வீடு. அங்கேயே இருந்தால் பாதி வீடு. மக்கள் அங்கேயே இருப்பதைத் தேர்ந்தனர். அலெகாந்திரோ அரவேனாவின் குழுவினர், எளியவர் தாமே கட்டமுடியாத பாதியை, அதாவது அடித்தளம், சுவர், கழிவறை, படி ஆகியவற்றைக் கட்டித் தந்து, மறுபாதிக்கு வெற்றிடம் விட்டனர். 2004-க்குப் பின் அவ்வெற்றிடத்தைக் குடும்பங்கள் தாமே நிரப்பின. எது வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஏழை அறிவான். அவனைக் கேட்பாரில்லை என்பதுதான் குறை.

அயலார் கதை எதற்கு? ஈழத்தில் நம் இனத்தாரிடையே நடந்ததைப் பாருங்கள். போருக்குப் பின், 2012 தொடங்கி, இந்திய உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 45,000 வீடுகள் கட்டப்பட்டன. குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை உருபா பகுதி பகுதியாக அவரவர் கணக்கில் சேர்க்கப்பட்டது. கட்டும் பொறுப்பு வீட்டுக்குரியவரிடமே இருந்தது. பலர் உழைப்பையும் கடனையும் சேர்த்தே முடித்தனர். துன்பம் இல்லாமல் இல்லை. ஆயினும் வீடு அவர்களுடையதாயிற்று. இதற்கு மாறாக, 65,000 இரும்பு வீடுகளைச் செய்து கொணர்ந்து நிறுத்தும் திட்டம் ஒன்றைக் கொழும்பு அரசு 2015, 2016-இல் முன்வைத்தது. யாழ்ப்பாண வெயிலுக்கு இரும்புச் சுவர் ஏற்றதா, பிள்ளை வளர்ந்தால் ஓர் அறை சேர்க்க முடியுமா, அதே பணத்தில் கல்வீடு எத்தனை கட்டலாம் என்று மக்களும் பொறிஞரும் வினவினர். விடை கூற இயலாமல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கேட்கப்படாத மக்களே கேள்வி கேட்டு வென்றனர்!

இனி மொழிக்கு வருவோம். வரைபடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, அளவுகளும் குறியீடுகளும் ஆங்கிலத்தில், ஒப்பந்தமும் ஆங்கிலத்தில். படிக்க முடியாத தாளின்மேல் ஒருவன் என்ன கருத்துச் சொல்வான்? நம் மொழியிலோ இடத்துக்கு இடம் சொல் உண்டு. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, புழக்கடை என்பன வெறும் பெயர்களல்ல. வழிப்போக்கன் அமரலாம் என்பது திண்ணை. மழையும் ஒளியும் வீட்டுக்குள் வரலாம் என்பது முற்றம். ஒவ்வொரு சொல்லும் ஒரு வாழ்முறை. வரைபடத்திலிருந்து சொல் போயிற்று. பின் கட்டடத்திலிருந்து இடமும் போயிற்று. தமிழில் வரைபடம் கேட்பது மொழிவெறி அன்று. வீட்டுக்குரியவன் தன் வீட்டைப் படித்தறியும் உரிமையே அது.

இன்னொன்றையும் ஒளியாமல் கூறல் வேண்டும். 'ஊர் கூடி முடிவு செய்தது' என்னும் சொல்லில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ஊரில் சேரி இருந்ததா? பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என ஊர்ப்பணியைப் பகுத்துக் குடவோலையால் ஆள் தேர்ந்ததைக் கூறுகின்றன. முறை வியக்கத்தக்கதே. ஆனால் அது பார்ப்பனர் அவை. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், தன் மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவனுக்கே அங்கு இடம். வீடில்லாதவனுக்கு அவையில் இடமில்லை எனின், வீட்டைப் பற்றி யார் பேசுவது? இன்றும் பொதுக்கூடம் எங்கே அமையும், குடிநீர்த் தொட்டி எத்தெருவில் நிற்கும், சுடுகாட்டுப் பாதை எவ்வழிச் செல்லும் என்பவற்றை மேல்தெருவாரே முடிவு செய்துவிட்டு அதற்கு 'மக்கள் கருத்து' என்று பெயர் சூட்டினால், அது சாதிக்கு முத்திரை குத்துவதாகவே முடியும். சேரியும் பெண்டிரும் இல்லாத அவை ஊரவை ஆகாது.

நகர்ப்புறங்களில் பகுதி அவைகள் 2022 நவம்பர் முதல்நாள் தமிழ்நாட்டில் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. சிற்றூர்களில் ஊரவைகள் (கிராம சபைகள்) முன்பே உண்டு. எனவே புதிய அமைப்பு தேவையில்லை. இருக்கின்ற அவைக்கு உயிர் ஊட்டினால் போதும். நாம் வேண்டுவன இவை:

ஒன்று: குடியிருப்போ பொதுக்கட்டடமோ எதுவாயினும், வரையத் தொடங்கும் முன்பே அவ்விடத்தில், உழைப்போர் வீடு திரும்பும் மாலை நேரத்தில், அவை கூடல் வேண்டும்.

இரண்டு: வரைபடம் தமிழில் இருத்தல் வேண்டும். அட்டையில் சிற்றுருச் செய்து காட்டுக. ஓர் அறையையாவது தரையில் சுண்ணாம்புக் கோட்டால் முழு அளவில் வரைந்து, மக்களை அதனுள் நடந்து பார்க்கச் சொல்க.

மூன்று: எழுந்த மறுப்பு ஒவ்வொன்றுக்கும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னர், எழுத்தில் விடை தரல் வேண்டும்.

நான்கு: பெண்களையும் ஒடுக்கப்பட்ட தெருவினரையும் தனியே கூட்டியும் கேட்டல் வேண்டும். அவை கூடும் இடம் எல்லாரும் தலைநிமிர்ந்து நுழையக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

ஐந்து: வீடு பின்னர் விரிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும், வாழ்ந்த இடத்திலேயே வீடு என்பது முதல்விதியாதல் வேண்டும்.

தமிழன்பர்களே! உங்கள் தெருவில் நாளை ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நடப்படலாம். கல்லில் பொறித்த பெயர்கள் தமிழில் உள்ளனவா என்று பார்ப்பது நம் வழக்கம். அதை விட வேண்டா. அத்துடன், அதன் வரைபடத்தை இத்தெருவில் யார் பார்த்தார், யாரைக் கேட்டு வரைந்தீர் என்றும் வினவுங்கள். அவ்வினாவைத் தமிழில் எழுதி அடுத்த அவையில் கொடுங்கள். பொறிஞரின் அறிவை நாம் இகழவில்லை. அது துணைநிற்க வேண்டிய அறிவு. வாழ்வோர் வகுக்கட்டும், வல்லோர் துணைநிற்கட்டும்!