பாராசிட்டமால் போட்டாயா என்று கேட்டார்கள்

2025 அக்டோபரில் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் நாலு வயது மகனோடு வந்தார். விசைத்தறிக்குத் தார் சுற்றுகிறவர். பையன் சுவரில் ஓடும் மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி நான் ஒன்றும் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "ஏனுங்க டீச்சர், இவன் வயித்துல இருக்கறப்ப காய்ச்சலுக்கு மாத்திரை போட்டனுங்க. அதனாலதானுங்களா இப்படி?"

மாமியார் வீட்டில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமாலைத் தவிர்க்க வேண்டும், அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். அடுத்த மாதமே அந்தப் பேச்சு ராசிபுரத்துத் தறிக்கூடத்துக்கு வந்து, ஒரு குடும்பச் சண்டையில் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதே வாரம் மறுத்தது. 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவருடைய மாமியாரிடம் ஸ்வீடனா வந்து பேசப்போகிறது?

இது புதிய குற்றச்சாட்டு அல்ல. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்துக்கு இலக்கணம் எழுதியபோதே, பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றி ஒரு வரி போட்டுவைத்தார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு முழுப் புத்தகமே எழுதி, தாயின் மனம் குளிர்ந்து கிடந்ததால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கியது என்றார். அவர் கண்ட வைத்தியம், பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பது. 1998இல் தடுப்பூசி. வேக்ஃபீல்டின் கட்டுரையில் இருந்தவை 12 குழந்தைகள். 2010இல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் போயிற்று. ஆனால் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது அம்மா அல்லவா? அந்தப் பழி மட்டும் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. இப்போது செல்போன். 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள், மருத்துவக் கையேடுகள் எதிலும் அப்படியொரு நோய் கிடையாது. போனைக் கொடுத்தது யார்? பகல் முழுக்கத் தறிக்கூடத்தில் நின்றுவிட்டு வந்து சோறு வடிக்கிறவள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேறு கை இல்லாத வீட்டைப் பற்றி எந்த வீடியோவும் பேசவில்லை.

குற்றவாளியை முதலில் காட்டுகிறார்கள், மருந்தைப் பிறகு விற்கிறார்கள். குற்ற உணர்வில் இருக்கிறவள் விலை கேட்க மாட்டாள். ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. நகையை விற்றுவிட்டுத்தான் எங்களிடம் வந்து அதைச் சொல்கிறார்கள். உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று இன்னொரு மருந்து. 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்த ஊசியில் செத்தது. பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்கிறவர்கள் அவ்வளவு ஆபத்தானவர்கள் இல்லை என்று தோன்றும். தயிர்ச் சோறும் பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளையிடமிருந்து அந்த இரண்டையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், எடை குறைந்து தொட்டிலில் போடுகிற மாதிரி ஆகிவிட்ட ஏழு வயதுப் பையனை நான் தூக்கியிருக்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்று இந்த வேலையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாங்கள் சொல்கிற உண்மைக்குக் கவர்ச்சி இல்லை. "ரெண்டு வருசம் ஆகலாங்க, வாய்ப்பேச்சு வராமலும் போகலாம், ஆனா படத்தைக் காட்டித் தண்ணி கேக்க வைக்கலாம்" என்று சொன்னால், எதிர்த் தெருவில் 'ஆறு மாதத்தில் பேச வைப்போம்' என்ற பலகைக்குக் கீழே போய் நிற்பார்கள். அங்கே பேச்சு வராவிட்டால் அம்மா வீட்டில் ஒழுங்காகச் செய்யவில்லை என்பார்கள். அம்மாவைச் சொல்ல முடியாத இடத்தில் டீச்சரைச் சொல்வார்கள்.

நானும் பொய் சொல்லியிருக்கிறேன். சேலத்தில் முன்பு வேலை பார்த்த ஒரு மையத்தில், மாத அறிக்கையில் சதவீதம் போடச் சொன்னார் உரிமையாளர். ஒரு பெண் குழந்தைக்கு '60 சதவீத முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதில் 60? எனக்குத் தெரியாது. அந்த அறிக்கையை அவள் அப்பா சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் காட்டித் திரிந்தார். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போது அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அந்தச் சம்பளத்தை விட முடியாமல் மேலும் ஏழு மாதம் அங்கேயே இருந்தேன்.

எங்கள் துறைக்குள் இருக்கும் பொய்யையும் சொல்ல வேண்டும். 1987இல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றவர்களைப் போல் ஆகிவிட்டார்கள் என்று எழுதினார். அந்தப் பயிற்சியில் அடியும் ஒரு பகுதி. அதை எங்கள் மையங்கள் சொல்வதில்லை, 40 மணி நேரத்தை மட்டும் சொல்கின்றன. வாரம் 40 மணி நேரம் என்றால் ஒரு முழுநேர வேலை. யாருடைய வேலை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பயிற்றப்பட்டு வளர்ந்த ஆட்டிசப் பெரியவர்களே இன்று அதைக் கண்டித்து எழுதுகிறார்கள். நம் அரசுப் படிவமோ இன்னும் அவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்கிறது. மின்விசிறி நிழலை அத்தனை நுணுக்கமாகப் பார்க்கிறவனா புற உலகச் சிந்தனை அற்றவன்?

சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992இல் வந்தது. பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய்! பலகை எழுதவே அதைவிட அதிகம் ஆகும். உங்கள் பிள்ளையைத் தொடுகிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. ஆனால் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியை யார் தருவது என்பதைத்தான் அரசிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தாய்மார்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பொங்கல் கழித்து அந்தப் பெண் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். பாட்டி அதைப் பார்த்தார். ஆனால் கேட்டது வேறு.

"எப்பங்க பேசுவான்?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா காசு வாங்கறீங்க?"

"ஆமாங்க" என்றேன். மருமகள் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பையன் மறுபடியும் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தான்.