காரில் தெரியும் தெரு

புகைப்படக்கலை பழகத் தொடங்குகிறவர்கள் பூ, குழந்தை, கோயில் கோபுரம் என்று ஆரம்பிப்பதே வழக்கம். ஒருவர் காரைப் படமெடுக்கப் பழகுகிறேன் என்றால், இலக்கியம் வாசிக்கும் நாம் சற்றே முகம் சுளிக்கிறோம். அது விளம்பரக்காரர்களின் தொழில், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியம் தேவையற்றது. பார்ப்பதற்குப் பழக நினைப்பவருக்கு காரைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது.

காரின் உடல் ஒரு வளைந்த கண்ணாடி. அதன் பளபளப்பில் வானம், எதிர்வீட்டுச் சுவர், மின்கம்பி, கேமராவுடன் நிற்கும் நம் உருவம் என எல்லாமே விழுகின்றன. நண்பகல் வெயிலில் பானெட்டின் மேல் வெள்ளைத் திட்டு ஒன்று படர்ந்து மற்ற நுணுக்கங்களை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்த பிறகு சிறிது நேரம் வானமே ஒரு பெரிய விளக்காகிறது. வண்டியின் வளைவுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. போலரைசர் வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றினால் கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் பிரதிபலிப்பு குறையும். குரோமியப் பட்டையில் குறையாது. ஆகவே, பழகுகிறவர் காரைப் பார்க்கும் முன் அதன் எதிரே இருப்பதைப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது நிற்கும் இடம். முகப்பு விளக்கின் உயரத்துக்குக் குனிந்தால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும். அகலக்கோண லென்ஸுடன் நெருங்கினால் முகப்பு உப்பிப் பெருக்கும். பின்வாங்கி, 85 மி.மீ. லென்ஸால் எடுத்தால் விகிதங்கள் சரியாக அமையும். விலையுயர்ந்த கருவிகளைவிட மடங்கும் முழங்கால்களே இங்கு அதிகம் உதவும்.

ஓடும் காரை எடுப்பது இன்னும் கடினம். ஷட்டரை 1/60 நொடியில் வைத்து, வண்டியின் வேகத்தோடு கேமராவைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான படங்கள் வீணாகும். பிரான்சின் ஜாக் ஆன்ரி லார்டீக் இருபது வயது நிரம்பும் முன்பே எடுத்த பந்தயக் கார் படத்தில், வண்டியில் பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அன்றைய ஷட்டரின் இயல்பால் சக்கரம் நீள்வட்டமாகி ஒரு பக்கம் சாய, வேடிக்கை பார்ப்பவர்கள் மறுபக்கம் சாய்கிறார்கள். இலக்கணப்படி அது பிழையான படம். ஆனால் வேகத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன படங்கள் சொற்பம்.

இன்று பழகுகிறவர்களுக்கு முன்மாதிரியாக இருப்பவை விளம்பரப் படங்கள். தூசி கூடாது, கீறல் கூடாது, மனிதர்கள் கூடவே கூடாது. தெருவில் நிற்கும் காரைக் கணினியில் மலைச்சாலைக்கு மாற்றச் சில நொடிகள் போதும். மலை பின்னால் நிற்க, கதவில் மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பு தெரியும்!

ராபர்ட் ஃபிராங்க் 1955-56ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்து எடுத்த படங்களின் தொகுப்பான 'தி அமெரிக்கன்ஸ்' 1958இல் பாரிஸில் வெளிவந்தது. அதில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே துணி போர்த்திய கார் ஒன்று நிற்கிறது. அடுத்த படத்தில், சாலை விபத்தில் இறந்தவரின் உடல் போர்வைக்குள் கிடக்கிறது. அருகே சிலர் நிற்கிறார்கள். காரை ஆசையோடு போற்றிய ஒரு சமூகத்தைப் பற்றி இவ்விரு படங்களும் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

பழகுகிறவர் அயல்நாட்டுக் காரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. எஞ்சியவை எங்கேனும் ஒரு வேப்பமரத்தடியில், நெளிந்த கதவோடும் முகப்பில் காய்ந்த மாலையோடும் நிற்கக்கூடும். அவற்றைத் துடைக்காமலே எடுக்கலாம். எடுத்த படத்தில் வண்டியைப் பார்த்த பிறகு, அதன் கதவில் விழுந்திருக்கும் தெருவையும் ஒருமுறை பார்க்கச் சொல்வோம்.